பொட்டலத்துக்கு ஒரு முகம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பயணக் குறிப்புகள்

சனி, கிருஷ்ணகிரி

சிறுதானியப் பண்டம் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரே மாதிரி அலமாரிதான் கண்ணில் படுகிறது. காக்கி நிறக் காகிதப் பை, அதன் மேல் மெல்லிய பச்சைக் கோட்டில் ஓர் இலை, கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த அலமாரிகள் பெருகிவிட்டன. கேழ்வரகு எந்த மண்ணில் விளைந்தது, முறுக்கைப் பிழிந்தவர் யார் என்று அந்தப் பைகளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் பெங்களூரில் ஒரு டிசைன் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். பொட்டலம், லேபிள், லோகோ, இவைதான் என் அன்றாடம். தர்மபுரிப் பக்கத்து மகளிர் குழு ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. கேழ்வரகு நிப்பட்டு என்கிற தட்டை, சாமை முறுக்கு, மாங்காய் வற்றல் செய்கிறார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. “எங்க ஊருதுன்னு பார்த்தாலே தெரியணும்.”

அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஏஜென்சிகளில் யோசனை தேடுவது என்றால் எல்லோரும் அதே நாலைந்து இணையதளங்களைத்தான் திறக்கிறோம். சியோலில் ஒருவர் பார்த்து ரசித்த படம்தான் மும்பையிலும் பெங்களூரிலும் திரையில் ஓடுகிறது. அப்புறம் எல்லாப் பொட்டலமும் ஒரே முகத்தோடு வருவதில் என்ன ஆச்சரியம்? ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேட்டேன், சரி என்றார்கள். கூட வந்திருப்பவன் எங்கள் ஓவியர் தம்பி. ஓசூர்க்காரன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளமாகப் பேசுவான். இந்த வட்டாரத்தில் அது பெரிய வசதி.

மாம்பழக் காலம் என்பதால் முதலில் மண்டிக்குப் போனோம். பெங்களூரா என்கிற மாங்காய் ரகம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் நிறைய. கூழுக்குப் போவது பெரும்பாலும் இந்தப் பெங்களூராவும் அல்போன்சாவும்தான். செந்தூரா, மல்கோவா, நீலம் எல்லாம் கூடையில் தனியாக இருந்தன. தரம் பிரிக்கும் பெண்கள் காயைக் கையில் எடுத்து ஒரு புரட்டுப் புரட்டி, எந்தக் குவியலுக்கு என்று பார்க்காமலே உருட்டிவிடுகிறார்கள். “எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?” என்றதற்கு ஓர் அம்மா காம்புப் பக்கத்தைக் காட்டினார். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் இறங்கியிருந்தால் முற்றல். தோள் சரிந்திருந்தால் பிஞ்சு. மாம்பழ லேபிள்களில் நாங்கள் வரைவதெல்லாம் கூர்மையான நுனியையும் மஞ்சள் நிறத்தையும்தான். இவர்கள் பார்ப்பதோ மறுமுனையை. தம்பி அங்கேயே உட்கார்ந்து தோள்களை மட்டும் வரைந்தான்.

சாயங்காலம் பழையபேட்டையில் ஒரு தீவனக் கடையின் பெயர்ப் பலகையைக் கையால் எழுதிக்கொண்டிருந்த ஓவியரைப் பார்த்தோம். இன்றைய நாளில் எனக்கு இதுதான் பெரிது. ஸ்கேல் வைக்கவில்லை. சுண்ணாம்பு தோய்த்த நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டினார், கோடு விழுந்தது. கடைப் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணி, நடு எழுத்தை முதலில் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டு போனார். “கொம்பும் காலும் அகலத்தைச் சாப்பிடும்மா. ‘கூ’வும் ‘ழ’வும் கீழ வாலை விடும். அதுங்களுக்கு மொதல்ல எடம் குடுத்துட்டா மத்ததெல்லாம் தானா உக்காந்துக்கும்” என்றார். போன் நம்பரைப் பலகையின் அடியில் நேர்க்கோட்டில் எழுதாமல், வால் இல்லாத எழுத்துகளுக்குக் கீழே கிடைத்த இடைவெளியில் பொருத்தினார்.

எங்கள் அலுவலகக் கணினியில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த சட்டத்துக்குள் தமிழைக் கொண்டுபோய் அடைப்போம். ‘கி’, ‘கீ’யின் மேல் விசிறி வெட்டுப்படும், வால் அடுத்த வரியில் இடிக்கும். பிறகு தமிழைச் சிறிதாக்கிவிடுவோம். தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது. பொட்டலத்துக்கு அந்த விதி கிடையாது. ஆனால் இந்தப் பொட்டலத்தில் நான் அதைப் பின்பற்றப்போகிறேன்.

பயணத்துக்கு இன்று ஒரு வழக்கம் வகுத்துக்கொண்டோம். எதையும் பார்த்தவுடன் போனை எடுக்கக் கூடாது. முதலில் “இது ஏன் இப்படி இருக்கு?” என்று யாரிடமாவது கேட்க வேண்டும். படம் அப்புறம்.

ஞாயிறு, போச்சம்பள்ளி

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியில் சந்தை. விடிவதற்குள் போய்விட வேண்டும் என்று லாட்ஜில் சொன்னார்கள், போனோம். ஆட்டுச் சந்தை அப்போதே பாதி முடிந்திருந்தது. விலை பேசுகிறவர்கள் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் வானிலையைப் பேசுகிறது, விரல்கள் ஆயிரங்களைப் பேசுகின்றன. வாங்கி முடித்த ஆட்டின் முதுகில் ஆளுக்கொரு நிறத்தில் சாயம் தடவுகிறார்கள். ஊதா ஒருவருடையது, ஆரஞ்சு இன்னொருவருடையது. வண்டி ஏற்றும் நேரத்தில் குழப்பமே இல்லை. தூரத்திலிருந்தே யாருடைய ஆடு என்று தெரிந்துவிடுகிறது.

காய்கறிப் பக்கம் ஒரு பாட்டி தக்காளியைக் கூறு கட்டி வைத்திருந்தார். தராசு இல்லை. ஒவ்வொரு கூறுக்கும் ஒரே விலை. அடியில் சுற்றிப் பெரிய பழங்கள், நடுவில் சிறியவை, உச்சியில் ஒன்று. வெயில் ஏறியதும் திரும்பி வந்து பார்த்தேன். விலை அதேதான், கூறு பெரிதாகியிருந்தது. “சாயந்தரம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு, வாங்குறவங்களுக்கே சேர்த்துக் குடுத்துட்டுப் போறேன் கண்ணு” என்றார். வாங்குகிறவர்களும் எடை கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிறது, பிறகு எதற்கு?

பொட்டலத்தில் நாங்கள் நிகர எடையைச் சட்டத்துக்காகப் பொடி எழுத்தில் போடுகிறோம். உள்ளே எத்தனை நிப்பட்டு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பை காற்றால் உப்பியிருப்பதால் ஏமாற்றம் வேறு. கூறு அப்படி ஏமாற்றாது. பத்து நிப்பட்டு என்றால் பத்தும் அடுக்கு அடுக்காகத் தெரிகிற மாதிரி பையின் பக்கவாட்டில் நீளமான ஒரு திறப்பு வைக்கலாமா என்று தம்பியிடம் கேட்டேன். உடனே நோட்டில் கிறுக்கத் தொடங்கிவிட்டான்.

இரும்புக் கடையில் நெடுநேரம் நின்றோம். கருக்கரிவாள், கொடுவாள், களைக்கொத்து, மாங்காய் பறிக்கும் தொறட்டிக் கத்தி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் சொன்னார் கடைக்காரர். கேழ்வரகுக் கதிர் அறுக்கிற அரிவாளில் பல் பொடிசாக இருக்கும். முள் வெட்டுகிற கொடுவாளில் மூக்கு உள்ளே வளைந்திருக்கும், முள்ளை இழுத்துப் பிடிப்பதற்காக. இதே மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. இந்தப் பக்கத்துக் கைகள் நாலாயிரம் ஆண்டாக இரும்பை வளைத்துக்கொண்டிருக்கின்றன. சாக்கு விரித்து வைத்திருந்த அந்தக் கடை எனக்குப் பெரிய கண்காட்சியாகத் தெரிந்தது.

கயிற்றுக் கடையில் கண்ணைப் பறிக்கும் ரோஜா, பச்சை, மஞ்சள் நைலான் கயிறுகள். மாட்டுக்கு நெற்றிக் குஞ்சம், சோழி கோத்த பட்டை, வெண்கல மணி. பழைய நார்க்கயிற்றின் நிறம்தான் அழகு என்று டிசைனர்கள் நாங்கள் சட்டென்று சொல்லிவிடுவோம். கடைக்காரர் சொன்ன காரணம் வேறு. “இருட்டுற நேரத்துல மாடு அத்துக்கிட்டு ஓடுச்சுன்னா இந்தக் கலர்தான்மா தெரியும்.” கிராமத்துப் பொருள் என்றால் மங்கலான மண் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று நகரத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தக் காக்கிப் பையும் அதிலிருந்துதான் வருகிறது. இந்தச் சந்தையில் காக்கி நிறத்தில் இருந்தவை சாக்கும் ஆடும்தான். மற்ற எல்லாமே பளீரென்று இருந்தன.

திங்கள், மத்தூர் பக்கம்

சந்தையில் கிடைத்த தகவலை நம்பி வந்தோம். ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா முடிகிறது, இன்று காலை துரியோதனன் படுகளம். பகலில் பாரதக் கதை படிப்பதும் இரவெல்லாம் தெருக்கூத்து நடப்பதுமாகப் பல நாள் போன விழா. நேற்று இரவே வந்து கடைசிக் கூத்தைப் பார்த்துவிட்டோம். அதனால் இரண்டு பேருக்கும் கண் எரிகிறது. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியற்காலையில் கோயிலுக்கு எதிரே உள்ள வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் செய்துகொண்டிருந்தார்கள். மல்லாந்து படுத்த உருவம். தலையிலிருந்து கால் வரை ஐம்பது அடிக்குக் குறையாது. மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி நெஞ்சையும் தோளையும் எழுப்பினார்கள். பிறகு வண்ணம். சிவந்த முகம், உருண்டு விழித்த கண், காது வரை போகும் கறுப்பு மீசை, மார்பில் ஆபரணங்கள். வரைபடம் எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் நடந்தே அளந்தார். தலைக்கு இத்தனை எட்டு, வயிற்றுக்கு இத்தனை எட்டு. மீசை போடுகிற ஆள் உருவத்தின் கன்னத்தின் மேலேயே குந்தி உட்கார்ந்து போடுகிறார். முழு முகத்தையும் அவரால் அங்கிருந்து பார்க்க முடியாது. வேப்பமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் “எடது பக்கம் கம்மியா இருக்குது மாமா!” என்று கத்த, அவர் திருத்தினார்.

எங்களைப் போன்றவர்கள் திரையில் பெரிதாக்கிச் சிறிதாக்கிச் செய்யும் காரியத்தை ஓர் ஊர், மரத்தின் மேல் நாலு பையன்களை உட்கார வைத்துச் செய்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

கூத்துக்காரர்களின் ஆபரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பனைக் கொட்டகையில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்த்தோம். கிரீடம், புஜகிரீடம், மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியவை. கல்யாணமுருங்கை ஏன்? கனம் இல்லாத மரம். விடிய விடிய ஆடுகிறவர் தலையில் சுமக்க வேண்டுமே. கண்ணாடி ஏன்? தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலத்தில், ஆடுகிறவர் சுழன்றால் வெளிச்சம் துண்டு துண்டாகத் தெறித்துக் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும். இப்போது நாலு பக்கமும் ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறார்கள். “லைட்டு ஒரே எடத்துல நிக்குது. கண்ணாடி இருந்தாத்தான் அது எங்ககூட சுத்தும்” என்றார் அர்ச்சுனன் வேஷக்காரர், அரிதாரத்தைத் துடைத்தபடி.

வெயில் ஏறியபோது படுகளம் தொடங்கியது. பீமனும் துரியோதனனும் மண் உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போட்டார்கள். ஊரே பின்னால் ஓடியது. தொடைக்குள் புதைத்து வைத்திருந்த சிவப்புநீர்ப் பானையைப் பீமன் கதையால் அடித்து உடைத்தான். திரௌபதி வந்து கூந்தலை முடித்தாள். அந்த நிமிடத்தில் பக்கத்தில் நின்ற பெண்கள் நிறையப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன். உடனே கூட்டம் உருவத்தின் மேல் பாய்ந்தது. ஆளுக்கொரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். வீட்டில் வைத்தால் நல்லது, நிலத்தில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. விடிய விடியச் செய்த ஐம்பது அடி உருவம் கொஞ்ச நேரத்தில் ஊர் வீடுகளுக்குப் பங்காகப் போய்விட்டது.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான். “அக்கா, நாம செய்யுற எதையாவது யாராவது இப்படிப் பிடுங்கிக்கிட்டுப் போவாங்களா?”

எனக்கும் அதுதான் கேள்வி. பொட்டலத்தைக் கிழித்து எறிவார்கள் என்று தெரிந்தே செய்கிறோம். எறிவதற்கு முன் ஒரு தடவையாவது அதை வைத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். பையின் உட்புறத்தில் எதையாவது அச்சிட்டால்? குழந்தைகள் வெட்டி விளையாடுகிற மாதிரி, கூத்து முகம் ஒன்றை? இந்த விழாவின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அது சாமி காரியம். ஆனால் பகிர்ந்து எடுத்துப்போகிற அந்தப் பழக்கத்தை யோசிக்கலாம்.

செவ்வாய், சிட்டிலிங்கி

ஊத்தங்கரை, அரூர் வழியாகப் பேருந்து. பாதித் தூரம் தூங்கிவிட்டோம்.

சிட்டிலிங்கி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், அவற்றோடு லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்கள். மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதி 1993-ல் இங்கே ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய மருத்துவப் பணி, இன்று மருத்துவமனை, இயற்கை விவசாயிகள் சங்கம் என்று வளர்ந்திருக்கிறது. லம்பாடிப் பெண்களின் தையல் குழுவான போர்கையும் அதிலிருந்து கிளைத்ததுதான். நாங்கள் வந்தது அதைப் பார்க்க.

லம்பாடிகள் ஒரு காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க நடந்தவர்கள். கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைத்த உடை அவர்களுடையது. சிட்டிலிங்கியில் அந்த உடையை உடுத்துவது நின்று, இரண்டு தலைமுறைக்குத் தையலே மறந்துபோயிருந்தது. ஓரிரு மூத்த பெண்களின் கையில் மட்டும் மிச்சம் இருந்தது. பெட்டிகளில் கிடந்த பழைய துணிகளைப் பார்த்தும், அந்த மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கேட்டும் இளையவர்கள் திரும்பக் கற்றிருக்கிறார்கள். இப்போது இயற்கைப் பருத்தியில் தைக்கிறார்கள். ஒரு கையகலத் துணியில் கண்ணாடியைச் சுற்றி நூல் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியின் இழைகளை எண்ணித்தான் ஊசி போகிறது. பென்சில் கோடு எதுவும் இல்லை.

நேற்றுக் கூத்தின் கண்ணாடியைப் பார்த்ததிலிருந்தே தம்பிக்கு மனசு பொங்கிக்கொண்டிருந்தது. பேருந்தில் வரும்போதே டேப்லெட்டில் ஒரு கரை வரைந்திருந்தான். கண்ணாடி வட்டம், அதைச் சுற்றி முக்கோணத் தையல், சிவப்பும் நீலமும். பொட்டலத்தின் மேல் விளிம்பில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு பொருத்தம். கடையில் தனியாகத் தெரியும், அச்சுச் செலவும் குறைவு. அதை அங்கே தைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பெருமையாகக் காட்டினான். அவர் ரசித்துப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. இதை யாரு தைக்கப்போறா?”

அச்சடிப்பது என்று விளக்கினோம். “ஓ, அச்சா?” என்றார், திரும்பத் தைக்கத் தொடங்கினார். கோபமெல்லாம் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி போகவே இல்லை.

இரவு இதைப் பற்றித்தான் பேசினோம், கொஞ்சம் வாக்குவாதமாகவே. “அக்கா, பார்க்குறது எல்லாம்தானே நமக்குச் சரக்கு? எல்லாக் கலையும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு வந்ததுதானே” என்பது தம்பியின் கட்சி. அதை நான் மறுக்கவில்லை. என் கணக்கு வேறு. நமக்கு வேலை கொடுத்திருப்பது லம்பாடிப் பெண்களின் குழு இல்லை. நிப்பட்டு செய்யும் பெண்களின் பையில் அந்தக் கரையைப் போட்டால், வாங்குகிறவர் அதை லம்பாடிப் பெண்கள் செய்ததாக நினைப்பார். அது பொய். அதோடு, மறந்துபோன தையலை ஒவ்வொரு இழையாக மீட்டுக்கொண்டிருப்பவர்களின் உழைப்பு நமக்கு இலவசமாக வந்துவிடுகிறது. ஒரு வடிவம் அழகாக இருக்கிறது என்பது மட்டும் அதை எடுத்துக்கொள்ளப் போதுமான காரணம் இல்லை. போச்சம்பள்ளிப் பாட்டியின் கூறை நாம் எடுத்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. அது எல்லாச் சந்தைக்கும் பொது. இந்தத் தையல் அப்படி இல்லை, இது இவர்களுக்குச் சோறு போடுகிறது.

கடைசியில் அந்தக் கரையைத் தம்பியே அழித்தான். தீபாவளிக்கு மகளிர் குழு பரிசுப் பெட்டி போடப்போகிறது. அதற்குத் துணிப்பை வேண்டும் என்றால் இங்கேயே தைக்கக் கொடுத்து, தைத்தவர்கள் யார் என்று பையிலேயே சொல்லலாம். இதை அவர்களிடம் பரிந்துரைப்போம். விலை கூடும்தான். கூடட்டும்.

புதன், தர்மபுரி

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள். இந்த ஊருக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். அவன் இறந்து நடுகல்லாக நின்றபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதை அதில் சொல்கிறார். பள்ளியில் படித்தபோது அது வெறும் வரிதான். கற்களின் நடுவில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், மாட்டை மீட்டுச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன். ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். நான் பார்த்தது இட அமைப்பை. வீரன்தான் பெரிது, கல்லை நிறைக்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள். காலடியில் சின்னதாக மாடுகள், சில கற்களில் ஒரு கெண்டியும் சிமிழும். எழுத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. வீரனின் தலைக்கு மேலே தொடங்கி, வில்லுக்கும் தோளுக்கும் நடுவில் இடம் இருந்தால் அங்கே இறங்கி, வட்டெழுத்து அவனைச் சுற்றிக்கொண்டு போகிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான். அவ்வளவுதான் செய்தி. ஒரு புகழ்ச்சிச் சொல் அதிகம் இல்லை.

எங்கள் பொட்டலங்களில் ‘பாரம்பரியச் சுவை’, ‘அன்போடு செய்தது’ என்று எவ்வளவு வார்த்தை! நிப்பட்டின் படத்தைப் பெரிதாக நடுவில் நிறுத்தி, எந்த ஊர்க் கேழ்வரகு, எந்த மாதம் அறுத்தது, யார் தட்டியது என்பதை அதன் வட்டத்தைச் சுற்றி எழுதினால் போதும். நல்ல சேதிக்கு அலங்காரம் வேண்டாம் என்று இந்தக் கற்கள் எனக்கு நேராகவே காட்டிவிட்டன. பழையபேட்டை ஓவியர் வாலுக்கும் கொம்புக்கும் இடம் விட்டு எழுதியதும் இதே புத்திதான். இடம் இருக்கிற இடத்தில் எழுத்து போகட்டும்.

மத்தியானம் ஒரு சின்ன மெஸ்ஸில் களி. இந்த ஊரில் களி சாப்பிடாமல் கேழ்வரகுப் பையை வடிவமைப்பது நியாயமாகாது. உருண்டையின் நடுவில் விரலால் குழி செய்து, கீரைக் கடைசலை ஊற்றி, கிள்ளித் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். தம்பிக்கு ஓசூர்ப் பழக்கம் என்பதால் இரண்டு உருண்டை போனது. சுடச்சுட இருக்கும்போது களியின் நிறம் காக்கியும் இல்லை, வெறும் பழுப்பும் இல்லை. கருஞ்சிவப்பில் ஒரு மினுமினுப்பு. மெஸ் அக்காவிடம் கேட்டு ஒரு பிடி மாவும் ஒரு துண்டுக் களியும் வாங்கி வந்திருக்கிறேன். அச்சகத்தில் நிறம் கலக்கும்போது இதைத்தான் மேஜையில் வைக்கப்போகிறேன்.

வியாழன், ஒகேனக்கல்

காவிரியில் வரத்து கூடியிருப்பதால் பரிசல் ஓட்டத் தடை. ஓட்டிகளுக்கு வருமானம் இல்லாத நாள். எங்களுக்குப் பேச ஆள் கிடைத்தது. கரையில் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புதிதாகவே ஒன்று பின்னிக்கொண்டிருந்தார்.

மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகள். தரையில் குறுக்கும் நெடுக்குமாக விரித்துப் பின்னி, நடுவில் கல்லை ஏற்றி அமுக்குகிறார். அமுங்கின இடம் அடி ஆகிறது, தூக்கிக்கொண்ட ஓரம் சுவர் ஆகிறது. விளிம்பு மட்டும் தடித்த பின்னல். முன்பு மேலே தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். “ஏன் வட்டம்?” என்று கேட்டேன். பாறை இடிக்கும்போது வட்டமாக இருந்தால் சுழன்று நழுவிவிடும் என்றார். நீளப் படகு என்றால் மூக்கு மாட்டிக்கொள்ளும். முன் பின் என்று எதுவும் இல்லை, துடுப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அது முன்பக்கம். வேலை முடிந்தால் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் மேட்டுக்கு ஏறிவிடலாம்.

ஒகேனக்கல் என்றால் சுற்றுலாப் படங்களில் பரிசலை ஒரு சின்னமாக வரைவார்கள், வட்டமும் ஒரு துடுப்பும். அந்த வட்டத்துக்குள் பாறை, சுழல், ஒற்றை ஆளின் தோள் பலம் எல்லாம் இருப்பது அந்தப் படங்களில் வராது. தம்பி இன்று சின்னம் வரையவில்லை. பின்னலின் முடிச்சு எங்கே திரும்புகிறது என்று மட்டும் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டிருக்கிறான். நிப்பட்டு நொறுங்காமல் போய்ச் சேர வேண்டும், எங்கள் குழுவுக்கு அதுதான் பெரிய தலைவலி. அடியில் அமுங்கி ஓரத்தில் எழும்பும் இந்த வடிவத்தில் ஓர் அட்டைத் தட்டு செய்து பார்க்கலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பரிசல் படம் அதில் எங்கும் இருக்காது. இருக்கவும் தேவையில்லை.

பெங்களூருக்கு இன்று மாலை ஒரு குறிப்பு அனுப்பினேன். தமிழ் பெரிதாக, கையால் எழுதியது. பக்கவாட்டுத் திறப்பு. களியின் கருஞ்சிவப்பும், மாட்டுக்கயிற்றின் ரோஜா நிறமும். இலை படம் கிடையாது. உட்புற அச்சு பற்றி மகளிர் குழுவிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எதை வெட்டி விளையாடுவார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். செலவு எவ்வளவு என்று உடனே பதில் கேள்வி வந்திருக்கிறது. அட்டைத் தட்டைச் செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதிவிட்டேன்.

நாளைக் காலை வரத்து குறைந்தால் பரிசல் விடுவார்களாம். பின்னுகிறவர் விளிம்பு கட்டுவதும் நாளைதான். ஒருநாள் இருந்துவிட்டுப் போகலாம் அக்கா என்கிறான் தம்பி. லாட்ஜில் இன்னொரு இரவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.